அடுப்பில் அலறும் பாத்திரம்: போலி வைரஸ் எச்சரிக்கை எப்படி இயங்குகிறது?

ஏதோ ஒரு படத்தைத் தேடிப் போன இடத்தில் ஒரு பட்டனை அழுத்துகிறீர்கள். மறுநொடி திரை முழுக்க நீலம். நடுவில் 'விண்டோஸ் டிஃபெண்டர்' என்ற தலைப்போடு ஒரு பெட்டி: கணினிக்குள் ட்ரோஜன் புகுந்துவிட்டது, பாதுகாப்புக்காகக் கணினி பூட்டப்பட்டிருக்கிறது. கீழே ஒரு பிழை எண், உங்கள் ஐபி முகவரி, நீங்கள் இருக்கும் ஊர், இன்டர்நெட் கம்பெனியின் பெயர். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் விடாமல் எச்சரிக்கிறது. மவுஸின் அம்புக்குறியைக் காணோம். மூடலாம் என்றால் மூடும் குறியும் இல்லை. திரையில் இரண்டு மூன்று இடங்களில் ஒரே போன் நம்பர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

இது போலி என்று முடிவு கட்ட அந்த நம்பர் ஒன்றே போதும். மைக்ரோசாஃப்ட் காட்டும் உண்மையான பிழைச் செய்தியிலும் எச்சரிக்கையிலும் போன் நம்பர் இருக்கவே இருக்காது. இதை அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

போலி என்று தெரிந்துகொண்ட பிறகும் பலர் திணறுவது அடுத்த கட்டத்தில்தான். மூடினால் மறுநாள் திரும்ப வருகிறது. கடையில் கொடுத்து ஃபார்மேட் போட்டு வாங்கியும் சில நாளில் மூலையில் எட்டிப் பார்க்கிறது. காரணம், இந்த எச்சரிக்கை கணினியின் நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வரலாம். எந்த இடம் என்று தெரிந்தால் பத்து நிமிட வேலை. தெரியாவிட்டால் மாதக்கணக்கில் தலைவலி. அந்த இடங்களைக் கண்டுபிடிக்க, நம் வீட்டு அடுப்படிக்குள் போய் வருவோம்.

அடுப்படியில் எது எங்கே இருக்கிறது

கணினி ஒரு வீடு என்றால், பிரவுசர் அந்த வீட்டின் கேஸ் அடுப்பு. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவானாலும் சரி. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு டேபும் ஒரு பர்னரில் ஏற்றிய பாத்திரம். உள்ளே என்ன வேண்டுமானாலும் கொதிக்கலாம், பொங்கலாம், மூடி தடதடக்கலாம். ஆனால் பாத்திரத்துக்குக் கண் கிடையாது. ஸ்டோர் ரூமில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அதனால் முடியாது.

ஸ்டோர் ரூம் என்பது உங்கள் கோப்புகளும் நிறுவிய மென்பொருள்களும் இருக்கும் இடம். ஒரு இணையப் பக்கம் அங்கே போய்த் துழாவ முடியாதபடிதான் இன்றைய பிரவுசர்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே, "உங்கள் கணினியை ஸ்கேன் செய்தோம், ஐந்து வைரஸ் கிடைத்தது" என்று ஒரு இணையப் பக்கம் சொன்னால் அது பச்சைப் பொய். ஓடுகிற அந்தப் பச்சைக் கோடும் ஏறுகிற சதவீதமும் முன்பே செய்துவைத்த அனிமேஷன்.

"என் ஐபி முகவரியையும் ஊரையும் சரியாகச் சொல்கிறதே?" என்றுதான் பலர் நடுங்கிப்போகிறார்கள். நீங்கள் திறக்கும் எந்த இணையதளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும். தெரியாமல் அது பக்கத்தை எங்கே அனுப்பும்? அந்த எண்ணை வைத்து ஊரையும் இன்டர்நெட் கம்பெனியையும் சொல்லிவிடும் பொதுச் சேவைகள் நிறைய இருக்கின்றன. வானிலை தளம் உங்கள் ஊர் மழையைத் தானாகக் காட்டுவதும் பெரும்பாலும் இதே வழியில்தான்.

இவ்வளவு சத்தம் எப்படி வருகிறது

பாத்திரம் தானாக அலறாது. யாராவது தீயை ஏற்ற வேண்டும். ஏற்றுவது நீங்கள்தான், தெரியாமல்.

ஒரு பக்கம் தன் இஷ்டத்துக்கு முழுத்திரையைப் பிடித்துக்கொள்ள பிரவுசர் விடாது. பயனர் ஒரு கிளிக்காவது செய்திருக்க வேண்டும். தானாக ஒலி எழுப்புவதற்கும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடுதான். அதனால்தான் போலிப் பக்கம் வந்ததும் நடுவில் ஒரு 'ஓகே', ஒரு 'கேன்சல்', ஒரு பெருக்கல் குறி எல்லாம் காட்டும். எதை அழுத்தினாலும் பலன் ஒன்றே: தீ முழுக்க ஏறிவிடும். பக்கம் திரை முழுவதும் விரியும், குரல் தொடங்கும்.

விரிந்த பிறகு நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் படம். கீழே தெரியும் டாஸ்க்பாரும், மேலே தெரியும் முகவரிப் பட்டியும், டிஃபெண்டர் ஜன்னலும் அந்தப் பக்கத்திலேயே வரைந்துவைத்தவை. அவற்றின் மூடும் குறியை எத்தனை தடவை அழுத்தினாலும் மூடாது. அம்புக்குறி மறைவதும் பெரிய வித்தை இல்லை. கர்சரைக் காட்டாதே என்று பக்கத்தின் நிரலில் ஒரு வரி எழுதினால் போதும்.

இன்னும் தேர்ந்த ஆட்கள் விசைப்பலகையையும் பிடிப்பார்கள். கணினி விளையாட்டுகளுக்காகவும் தொலைவிலிருந்து வேலை செய்வோருக்காகவும் பிரவுசர்களில் ஒரு வசதி உண்டு: முழுத்திரையில் இருக்கும்போது எஸ்கேப் போன்ற விசைகள் நேராகப் பக்கத்துக்கே போகும். போலிப் பக்கம் இதை எடுத்துக்கொண்டால், எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் ஒன்றும் நடக்காது. ஆனால் பிரவுசர் ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறது: அதே விசையைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை கலைந்துவிடும். முழுத்திரை தொடங்கும்போது இதைச் சொல்லும் சின்ன வரி திரையின் மேலே தோன்றி மறையும். அதே சமயத்தில் குரல் அலறத் தொடங்குவதால் அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

முதலில் அடுப்பை அணையுங்கள்

படி ஒன்று: எஸ்கேப் விசையை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை சுருங்கியதும் உண்மையான டேப்கள் மேலே தெரியும். அந்த டேபை மூடுங்கள், அல்லது கன்ட்ரோலோடு டபிள்யூ அழுத்துங்கள். பர்னர் அணைந்தது.

படி இரண்டு: பர்னரின் திருகே சிக்கிக்கொண்டால் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூட வேண்டும். பாத்திரம் எவ்வளவு பொங்கினாலும் ரெகுலேட்டர் வரை அதன் கை நீளாது. கணினியில் அந்த ரெகுலேட்டர், கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒன்றாக அழுத்துவது. இந்த மூன்று விசைகள் சேர்ந்தால் அது நேராக விண்டோஸுக்குத்தான் போகும். எந்த இணையப் பக்கமும் நடுவில் அதை மறிக்க முடியாது. வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரின் பெயரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மேக் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் 'ஃபோர்ஸ் குவிட்' ஜன்னல் வரும்.

படி மூன்று: பிரவுசரை மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று அது கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள். மீட்டால் அதே பாத்திரத்தை அதே பர்னரில் திரும்ப ஏற்றியதாகிவிடும். சிலருடைய பிரவுசர் கேட்காமலேயே பழைய டேப்களைத் திறக்கும்படி அமைத்திருக்கும். அப்படியானால் முதலில் வைஃபையை அணைத்துவிட்டுத் திறங்கள். பக்கம் ஏற முடியாமல் நிற்கும்போது டேபை மூடிவிடலாம். மேக்கில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே சஃபாரியைத் திறந்தால் பழைய ஜன்னல்கள் வராது.

போனில் வந்தால், சமீபத்திய செயலிகள் பட்டியலுக்குப் போய் பிரவுசரைத் தள்ளி மூடினால் போதும். ஐபோனில் சஃபாரி அமைப்புக்குள் போய் வரலாற்றையும் இணையதளத் தரவையும் அழித்துவிடுங்கள்.

டவுன்லோட் ஃபோல்டரையும் ஒரு பார்வை பாருங்கள். அந்த நேரத்தில் ஏதாவது கோப்பு வந்து இறங்கியிருந்தால் திறக்காமல் அழியுங்கள்.

இதோடு முடிந்துவிட்டால், நீங்கள் சந்தித்தது வெறும் ஒரு பக்கம். பெரும்பாலானவர்களுக்குக் கதை இங்கேயே முடிகிறது.

மறுபடி வருகிறதா? எப்போது வருகிறது என்று பாருங்கள்

திரும்பத் திரும்ப வந்தால் எதையும் நிறுவவோ அழிக்கவோ வேண்டாம். எப்போது வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அது வரும் நேரமே இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

*எந்தத் தளமும் திறக்காதபோதும் திரையின் வலது கீழ் மூலையில் எட்டிப் பார்த்தால்,* அது கொல்லைப்புறக் கதவு. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய 'அலவ்' அழுத்துங்கள்" என்று கேட்டிருப்பார்கள். அழுத்தியிருப்பீர்கள். உண்மையில் அது, கொல்லைப்புறமாக எப்போது வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம் என்று கொடுத்த அனுமதி. செய்தித் தளங்கள் தலைப்புச் செய்தி அனுப்பும் அதே நோட்டிஃபிகேஷன் வசதிதான். தளத்தை மூடிவிட்டாலும் அனுமதி மூடாது. பிரவுசரின் பின்னணியில் அந்தத் தளத்தின் ஒரு சிறு நிரல் தங்கிவிடுகிறது. அனுப்புகிறவர் அனுப்பும்போதெல்லாம் அது விழித்துக்கொள்கிறது.

அந்தச் சின்னப் பெட்டியை அழுத்தாமல், அருகில் போய்ப் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஒரு வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் பெயர், அதன் சின்னம், 'சந்தா முடிந்துவிட்டது' என்ற மிரட்டல். சின்னமும் வாசகமும் அனுப்புகிறவர் விருப்பத்துக்கு எழுதியவை. ஆனால் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகப் பிரவுசரின் பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். அதை எழுதுவது பிரவுசர். அனுப்புகிறவரால் மாற்ற முடியாது. எந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கும் பொருந்தாத, எழுத்துகளைக் குலுக்கிப் போட்டதுபோன்ற ஒரு முகவரி அங்கே உட்கார்ந்திருக்கும். அதுதான் ஆள்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் அதே தளம் அடுத்த முறை திரும்பவும் கேட்கும். பிளாக் கொடுத்தால் கேட்க முடியாது. அதே பக்கத்தில், எந்தத் தளமும் இனி கேட்கவே கூடாது என்றும் அமைத்துவிடலாம். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் நோட்டிஃபிகேஷன் என்று தட்டினால் இதே பட்டியல் கிடைக்கும். கணினிக் கடையில் கேட்கும் பல 'வைரஸ்' புகார்களுக்கு மருந்து இவ்வளவுதான்.

ஐபோனில் இதற்கு ஒரு தம்பி உண்டு. காலண்டரில் "உங்கள் போனில் வைரஸ்" என்று தினமும் ஒரு நிகழ்ச்சி வரும். தெரியாமல் ஒரு காலண்டருக்குச் சந்தா சேர்ந்திருப்பீர்கள். காலண்டர் செயலியில் அந்தக் காலண்டரையே நீக்கினால் எல்லாம் போய்விடும்.

*எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரமும் எச்சரிக்கையும் முளைத்தால்,* அது அஞ்சறைப்பெட்டி. சாம்பாரோ ரசமோ பொரியலோ, எது செய்தாலும் அதிலிருந்து ஒரு சிட்டிகை விழும். ஒரு கிண்ணத்தில் கலப்படம் இருந்தால் எல்லாக் குழம்பும் கெடும். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்கள் அப்படித்தான். கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றித் தருவது, வீடியோ இறக்கித் தருவது என்று சேர்த்தவற்றில் பல, நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி வாங்கியிருக்கும். நல்ல எக்ஸ்டென்ஷன் கை மாறிக் கெட்டதாக ஆவதும் உண்டு.

எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்திவையுங்கள். எச்சரிக்கை நின்றதா? இப்போது ஒன்றொன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கியதும் தொல்லை திரும்புகிறதோ அதைத் தூக்கி எறியுங்கள். முதல் பக்கமும் தேடுபொறியும் மாறிப்போயிருந்தால் 'ரீசெட் செட்டிங்ஸ்' கொடுக்கலாம். புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொற்களும் அதனால் போகாது.

*பிரவுசரைத் திறக்காமலே, கணினியைப் போட்டதும் ஜன்னல் வந்தால்,* ஸ்டோர் ரூமில் எலி புகுந்துவிட்டது. அதாவது, ஏதோ ஒரு மென்பொருள் உண்மையிலேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவிய செயலிகளின் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தது எது என்று தெரியும், அகற்றுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் கணினியோடு சேர்ந்து எழுபவை எவை என்று பாருங்கள். வீட்டுக் கணினியிலுள்ள குரோமின் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால், உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரோ பிரவுசருக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் அந்த வரியை வரவழைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபுல் ஸ்கேன் கொடுங்கள். பிடிபடாமல் ஒளிந்திருப்பவற்றுக்கு ஆஃப்லைன் ஸ்கேன் உண்டு. கணினி மறுபடி தொடங்கும்போது, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே நடக்கும் சோதனை அது. சுமார் 15 நிமிடம் ஆகும். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவச அட்வ்கிளீனரும் ஒட்டுண்ணிகளைத் துடைக்கப் பயன்படும். எதை இறக்கினாலும், தேடல் முடிவின் மேலே வரும் விளம்பரத்தை நம்பாமல் நிறுவனத்தின் தளத்துக்கே நேராகப் போங்கள்.

சாவியைக் கொடுத்துவிட்டிருந்தால்

'கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறோம், டியூபைப் பார்க்கணும்' என்று ஒருவர் வருகிறார். நீங்கள் கூப்பிடாமலே வந்தால் சந்தேகம் வரும். நீங்களே பதறிப்போய்க் கூப்பிட்டு வந்தவர் என்றால்? இந்த மோசடியின் சூட்சுமம் அங்கேதான். 2012-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இத்தகைய கும்பல்கள்மீது நடவடிக்கை எடுத்த காலத்தில், பெரும்பாலும் மோசடிக்காரர்கள்தான் வீடுகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் எச்சரிக்கைப் பக்கம் பரவியது. போன் போடும் வேலையை அது பாதிக்கப்பட்டவரிடமே தள்ளிவிட்டது. கூப்பிடும்போதே அவர் பாதி நம்பியவர்.

எடுத்ததும் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் மாதிரி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். இவை நேர்மையான கருவிகள்தாம். ஆனால் நிறுவி எண்ணைச் சொன்னால் வீட்டுச் சாவியே கை மாறிவிட்டது. பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, வரிசையாக நிற்கும் சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, "எவ்வளவு வைரஸ் பாருங்கள்" என்பார்கள். புத்தம்புதுக் கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும். ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட அங்கே ஒரு வரி பதிவாகும். பாத்திரத்தின் அடியில் படிந்த கரியைக் காட்டி, வீடு எரிகிறது என்று சொல்லும் வேலை அது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 60 பேரிடம் பேசிப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 'சரிசெய்ய' அவர்கள் கேட்ட தொகை சராசரியாக 290 டாலர் அளவில் இருந்தது. 2023-இல் மட்டும் அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் இவ்வகை மோசடியில் பதிவான இழப்பு 92 கோடி டாலருக்கு மேல். இதில் நம் நாட்டுக் கால் சென்டர்களுக்கும் பங்குண்டு. அதே ஆண்டு அக்டோபரில், அமேசானும் மைக்ரோசாஃப்டும் கொடுத்த புகார்களையும் சேர்த்து, சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை போட்டது.

சாவி கொடுத்தது தெரிந்ததும் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அவர்கள் நிறுவச் சொன்னதை அகற்றுங்கள். வேறொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதுதான். வங்கிக்குச் சொல்லி அட்டையையும் கணக்கையும் தடுத்துவையுங்கள். இந்தியாவில் இருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதற்கு முன் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. அவர்கள் நெடுநேரம் உள்ளே இருந்திருந்தால், முக்கியக் கோப்புகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நிம்மதி. ஃபார்மேட் உண்மையில் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

பாத்திரத்தை ஏற்றியவர் யார்

நீங்கள் போன தளம் நல்ல தளமாகவே இருக்கலாம். அதன் விளம்பர இடத்தை நொடிக்கும் குறைந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஏலத்தில் எடுக்கிறார். அந்த விளம்பரம் எல்லோருக்கும் ஒரே முகத்தைக் காட்டாது. நாடு, பிரவுசர் இரண்டையும் பார்த்துப் பொருத்தமானவரை மட்டும் போலிப் பக்கத்துக்குத் தள்ளும். பையனைக் கூப்பிட்டுக் காட்டினால் ஒன்றும் வராமல் போவது இதனால்தான். முகவரியில் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டுவதும், தேடலின் மேலே வரும் விளம்பரத்தை அழுத்துவதும் அங்கே கொண்டுபோய் விடும். போலிப் பக்கங்கள் பெரிய நிறுவனங்களின் வாடகைச் சர்வர்களிலும் குடியிருக்கும். மைக்ரோசாஃப்டின் அஷ்யூரில் கணக்குத் திறக்கும் எவருக்கும் 'விண்டோஸ் டாட் நெட்' என்று முடியும் முகவரி கிடைக்கும். அதைப் பார்த்து மைக்ரோசாஃப்டே அனுப்பியது என்று நம்பிவிடக் கூடாது.

விளம்பரத் தடுப்பான் ஒன்று போட்டுக்கொள்வது நல்ல காப்பு. 2022 டிசம்பரில் எஃப்பிஐயே அதைப் பரிந்துரைத்தது. பிரவுசர்களும் விழித்துக்கொண்டன. எட்ஜில் 'ஸ்கேர்வேர் பிளாக்கர்' என்ற வசதி 2025 முதல் கிடைக்கிறது; முழுத்திரையைப் பிடிக்கும் பக்கத்தைக் கணினியிலேயே ஆராய்ந்து, மோசடி என்று பட்டால் முழுத்திரையைக் கலைத்து ஒலியை நிறுத்திவிடும். அதே ஆண்டு மே மாதம் கூகுள், குரோமின் 'என்ஹான்ஸ்டு புரொடக்‌ஷன்' பயன்படுத்துவோருக்கு இதைப் போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விசைப்பலகையைப் பிடிக்கும் வசதியை ஒரு பக்கம் எடுத்துக்கொள்வதே அதற்குச் சந்தேகக் குறி. இரண்டையும் செட்டிங்ஸில் ஒருமுறை இயக்கிவைத்தால் போதும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இவ்வளவும் தெரிய வேண்டியதில்லை. எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தால் போலி, திரை பூட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட். இந்த இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். கூடவே ஒன்றைச் சொல்லிவையுங்கள்: ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே சொல்லலாம், யாரும் திட்ட மாட்டோம் என்று. ஏமாந்தவர் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்துவைக்கும் அவகாசத்தில்தான் பணம் கை கடந்துவிடுகிறது.